அப்பா கேட்ட ஆபரேஷன்

என் அப்பா சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். வெட்டிய பழுப்பு நிலக்கரியை மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பேனல்கள் அவர் பொறுப்பில் இருந்தன. நான் இன்ஜினியரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடத்தில், இனி பேனல் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். கை நடுக்கம்தான் காரணம். நடுக்கத்துக்குக் காரணம் குடி.

காலையில் அவர் டீ குடிப்பதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். ஒரு துண்டைக் கழுத்துக்குப் பின்னால் போட்டு, ஒரு முனையை டம்ளர் பிடித்த கையில் சுற்றிக்கொண்டு, மறு முனையை இன்னொரு கையால் மெல்லக் கீழே இழுப்பார். கிணற்றிலிருந்து வாளி ஏறிவருவது போல டம்ளர் சிந்தாமல் வாய்க்கு வந்து சேரும். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "உங்கப்பாவுக்கு மூள இல்லன்னு மட்டும் யாரும் சொல்லிட முடியாது" என்பாள் அம்மா. அதைப் பெருமையாகச் சொல்கிறாளா வேதனையாகச் சொல்கிறாளா என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

குடிக்காத நேரத்தில் அவரால் உட்கார முடியாது. எங்கள் குவார்ட்டர்ஸில் ஹாலிலிருந்து அடுக்களைக்கு நடப்பார், அடுக்களையிலிருந்து பின்கதவுக்கு, பின்கதவிலிருந்து கேட்டுக்கு. கேட்டைத் திறப்பார், மூடுவார். ஃபேனைப் போடுவார், அணைப்பார். அவர் நடக்கும்போது அம்மா கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். கேட் கொக்கி விழும் சத்தம் கேட்டால், அவர் உள்ளே வந்துவிட்டாரா, மந்தாரக்குப்பம் ஒயின்ஷாப்புக்குக் கிளம்பிவிட்டாரா என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்ப்போம். நான் போட்டித்தேர்வுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

அதற்குள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தோம். கோயிலில் கயிறு கட்டினோம். யாரோ கொடுத்த பொடியை அம்மா அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தாள். குடித்தால் வாந்தி வரும் என்று ஒரு மாத்திரை வாங்கினோம். மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி, வாசலுக்குப் போய்த் துப்பினார். பாண்டிச்சேரியில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். பாதியிலேயே மதில் தாண்டி வந்துவிட்டார். வந்தவர் நேராகக் கடைக்குப் போகாமல் வீட்டுக்குத்தான் வந்தார் என்பதை அம்மா ரொம்ப நாள் ஒரு நல்ல செய்தியாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சென்னை வெள்ளத்தில் மிதந்ததற்கு அடுத்த வருடம் அது. ஒரு காலையில் போனில் எதையோ தேடப்போய் இன்னொன்றில் போய் முட்டினேன். வெளிநாட்டில் சில டாக்டர்கள், எந்தச் சிகிச்சைக்கும் மசியாத குடிநோயாளிகள் சிலருக்கு மண்டையில் சின்னதாகத் துளைபோட்டு, மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பிகளை இறக்கியிருந்தார்கள். நெஞ்சில், தோலுக்கு அடியில் ஒரு பேட்டரி. அதிலிருந்து கம்பி கழுத்து வழியாக ஏறித் தலைக்குப் போகிறது. விட்டுவிட்டு மெல்லிய மின்சாரம் பாய, குடிக்க வேண்டும் என்ற வெறி சிலருக்கு அடங்கியது என்று போட்டிருந்தது. அடியில், இது ஆராய்ச்சிதான், இன்னும் நிறையப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் போட்டிருந்தது. நான் அந்த அடிவரியையும் சேர்த்துத்தான் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் காதில் மேலே இருந்தது மட்டும் விழுந்தது.

துண்டைக் கழுத்திலிருந்து எடுக்காமலேயே கேட்டார். "எந்த எடத்துல வெக்கிறான் கம்பிய?"

"ஆசை உண்டாகற எடம்னு ஒண்ணு இருக்குதாம்ப்பா. ரொம்ப உள்ள."

"எத்தினி வோல்ட்டு?"

"ரொம்பக் கொறச்சல்தான் இருக்கும்."

"பேட்டரி தீந்துட்டா?"

"மாத்துவாங்கபோல."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். பேனல் ட்ரிப் ஆகிக் கரண்ட் நின்றால் எங்கே போயிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிறவர் அவர். தன் உடம்பில் எங்கே போயிருக்கிறது என்று இதுவரை யாரும் அவருக்கு இடம்காட்டிச் சொன்னதில்லை. கோயிலில் மனசு என்றார்கள். மறுவாழ்வு இல்லத்தில் மன உறுதி என்றார்கள். இப்போதுதான் முதல்முறையாக வெளிநாட்டில் ஒருவன் கம்பி, கரண்ட், பேட்டரி என்று அவர் பாஷையில் பேசியிருக்கிறான்.

"இத்தான் பாப்பா, இத்தான் எனக்கு" என்றார். "கனெக்சன்தான் எங்கியோ தப்பாயிருக்குது. நான் சொன்னா யாரு நம்புனா?"

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப்பார்த்தாள். "வாயில ஊத்தறத நிறுத்தறதுக்கு மண்டையில ஓட்ட போடணுமா?"

"ஒனுக்கு ஒண்ணும் தெரியாது. நீ போய் தோசய ஊத்து."

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. எனக்கு நிம்மதி போயிற்று. நிமிடத்துக்கு ஒருமுறை போனைக் கேட்பார். கம்பி இறங்கிய மண்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். ஸ்டோரில் கூட வேலைசெய்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். "அண்ணனுக்கு மூளையில ஆபரேஷன்" என்று பக்கத்து பிளாக்கிலிருந்து விசாரிக்கவே வந்துவிட்டார்கள். குடியோ குறையவில்லை, கூடியது. கேட்டால், "ஆபரேஷன் வரைக்குந்தானே? அப்புறம் நெனச்சாலும் முடியாது" என்பார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி குடித்தார். நான் ஒரு கதவைத் திறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவரோ அதன் வாசலிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

அந்த நிலைமை எனக்குத் தாங்கவில்லை. முடியும் என்றோ முடியாது என்றோ ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட வேண்டும். சென்னையில், கை நடுக்கவாதக்காரர்களுக்கு இதே மாதிரிக் கம்பி வைக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

போகிற நாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மாவின் பையில் தண்ணீர் பாட்டில் கூடுதலாக ஒன்று இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். பிராந்தி நெடி.

"அம்மா, என்ன இது?"

"கத்தாத. வழியில வலிப்பு கிலிப்பு வந்துடுச்சின்னா நீ பாப்பியா? போன தடவ குடிக்காம இருந்தப்ப எப்பிடி இழுத்துக்கிச்சி, மறந்துட்டியா?"

எத்தனையோ பாட்டில்களைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தவள், வாசலில் போட்டு உடைத்தவள், அன்று தண்ணீர் கலந்து மருந்து போல அளந்து எடுத்துவந்திருந்தாள். வடலூர் தாண்டியதும் ஒரு மூடி கொடுத்தாள். பண்ருட்டி தாண்டி ஒரு மூடி. அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார். பஸ்ஸில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் ஓய்வுபெற்ற பேங்க்காரர், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். நடுக்கவாதம், கம்பி வைத்து ரொம்ப நாளாகிறது, கருவியைச் சரிபார்க்க வந்திருக்கிறார்கள் என்று அந்த அம்மா சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்து அந்த பேங்க்காரர் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"கொஞ்சம் பாக்கலாங்களா சார்?"

அவர் சங்கடப்படவில்லை. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக் காட்டினார். காறை எலும்புக்குக் கீழே ஒரு தீப்பெட்டியைத் தோலுக்குள் செருகியது போல மேடு. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடும் கோட்டையும் தொட்டுக் காட்டினார்.

"உள்ள கம்பி இருக்கறது தெரியுதாங்க?"

"ஒண்ணும் தெரியாது. பேட்டரி தீர்ந்தா நானும் தீர்ந்தேன், அவ்ளோதான்" என்று சிரித்தார்.

அப்போது டெக்னீஷியன் வந்து அவரை உள்ளே கூப்பிட்டார். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கருவியை ஒரு நிமிடம் அணைத்தார்கள் போலிருக்கிறது. மடியில் அமைதியாக இருந்த அவர் கை துடிக்க ஆரம்பித்தது. கரையில் போட்ட மீன் மாதிரி துடித்தது. அடுத்து ஏதோ செய்தார்கள். கை அடங்கி மடியில் படுத்துக்கொண்டது.

அப்பா தன் கையைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் துடித்துக்கொண்டிருந்தது. என் தோளை அழுத்திப் பிடித்தார். "பாத்தியா? பாத்தியா பாப்பா? சுவிட்ச்சு போட்ட மாதிரி!" அவர் கண்ணில் நீர் முட்டியிருந்தது. எனக்கும் அந்த நேரத்தில் நம்பிக்கை வந்துவிட்டது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அம்மா மட்டும் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. அம்மாவின் வயதுதான் இருக்கும். நான் போனில் இருந்ததைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, என்னிடம் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தே சொன்னார்.

"இது உண்மைதான். ஆனா ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் செஞ்சு பாத்திருக்காங்க. சிலருக்குக் கேட்டிருக்கு. சிலருக்குக் கேக்கல. மூளையில ரத்தம் கசியலாம், சீழ் பிடிக்கலாம். குடிக்காக இந்த ஆபரேஷன நாங்க இங்க பண்றதில்ல."

"எனுக்குப் பண்ணிப் பாருங்கம்மா" என்றார் அப்பா. "நான் செத்தாலும் பரவால்ல. யாரும் வந்து கேக்க மாட்டாங்க. எழுதிக் குடுத்துடறேன்."

"நீங்க இப்பிடிச் சொல்றதுனாலதான் நான் பண்ண மாட்டேன்."

அப்பாவுக்கு அது புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை. டாக்டர் அவர் கையை வாங்கி விரித்துப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் அம்மாவைத் திட்டவில்லை. "நல்ல வேளை, திடீர்னு நிறுத்தாம கூட்டிட்டு வந்தீங்க" என்றார். கீழே மனநல வார்டு இருக்கிறது, இன்றைக்கே சேருங்கள், குடியை நிறுத்தும்போது வரும் ஆபத்துக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள், பிறகு ஆசையைக் குறைக்க மாத்திரை, தொடர்ந்து ஆலோசனை என்று சொன்னார். "ஒரு தடவையாவது இத முழுசா முடிச்சிருக்கீங்களா?"

அப்பா, "பாத்ரூம் போய்ட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். திரும்பி வரவில்லை.

எல்லா மாடியிலும் தேடினோம். வாட்ச்மேனைக் கேட்டோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. வெளியே வந்தால் ரோடு முழுக்க வண்டிகள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நான் இந்தப் பக்கம் கொஞ்சம் ஓடினேன், அந்தப் பக்கம் கொஞ்சம் ஓடினேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒவ்வொரு முதுகும் அப்பா மாதிரியே இருந்தது. அம்மா ஓடவில்லை. ஒரு ஆட்டோக்காரரிடம் போய், "அண்ணே, இங்க ஒயின்ஷாப்பு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு எதிரே ஒரு சந்துப் பக்கம் கைகாட்டினார்.

மந்தாரக்குப்பத்தில் அந்தக் கடை இருக்கும் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகிறவள் என் அம்மா. அன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசையில் நின்ற ஆண்களுக்கு நடுவே புகுந்து, பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே பேச்சு நின்றுபோனது. "யம்மா, இங்கல்லாம் வரக் கூடாது" என்று யாரோ சொன்னார்கள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் மேசையில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் டம்ளர், பாதி காலி. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"உக்காருங்க. இருக்கறதக் குடிச்சிட்டு வாங்க. போய் பெட்ல சேரணும்."

"எல்லாரும் பாக்கறாங்க. நீ போ."

"பாக்கட்டும். இத்தினி வருசமா ஊரே பாத்துக்கினுதான் இருக்குது. ஒங்க தலையில கம்பி வெக்க முடியாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும், நீங்க என்ன பண்ணுவீங்க? அந்தம்மா சொன்ன இன்னொண்ணு இருக்குதில்ல, அதையாவது செய்யலாம்."

"அதெல்லாம் எனுக்கு ஆவாதுடி" என்றார். "அது நானே பண்ணணும். என்னால ஆவாதுன்னுதான கம்பிய வெக்கச் சொல்றேன்."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. சோம்பேறித்தனத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கிணற்றுக்குள் விழுந்தவனிடம் நீயே ஏறி வா என்று எட்டிப்பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னால் அவன் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி பேச ஆரம்பித்தார்கள். அப்பா டம்ளரைக் காலி செய்தார். பிறகு மூன்று பேரும் எழுந்து ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வார்டில் முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் அவருக்குப் புத்தி தடுமாறியது. சுவரில் கேபிள் ஊர்கிறது என்றார். பெல்ட் அறுந்துவிட்டது, ஓடுங்கள் என்று கத்தினார். கட்டிலோடு கட்டிவைத்து ஊசி போட்டார்கள். ஒருமுறை கொஞ்சம் அடங்கியபோது, கட்டுக்குள்ளிருந்து கையை நெஞ்சுக்குக் கொண்டுபோக முயன்றார். காறை எலும்புக்குக் கீழே எதையோ தேடினார்.

"வெச்சுட்டாங்களா? ஆன் பண்ணிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான், "இல்லப்பா, அதெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "வெச்சுட்டாங்க. ஆன்லதான் இருக்குது. நீங்க தூங்குங்க."

அவர் தூங்கினார். எனக்குக் கோபம் வந்தது. வெளியே வராந்தாவில் சண்டை போட்டேன். "நாளைக்குத் தெளிஞ்சப்புறம் கேட்டா என்னம்மா சொல்லுவ?"

"நாளைக்குத் தெளியட்டும் மொதல்ல" என்றாள்.

தெளிந்த பிறகு அவர் கேட்கவே இல்லை. தலையைத் தடவிப் பார்த்திருப்பார், தையல் ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்கும். அந்தப் பெண் டாக்டர் ஒருமுறை வார்டுக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எங்கள மாதிரிக் குடிக்கிற ஆளுங்களுக்கும் அந்தக் கம்பி வருமாங்க, என்னிக்காச்சும்?" வரலாம், ஆனால் அதற்காகக் காத்துக்கொண்டு இருக்காதீர்கள் என்றார் டாக்டர்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரையை அம்மா முன்னால் விழுங்கி வாயைத் திறந்து காட்டுவார். வாராவாரம் கடலூருக்குப் போய் ஆலோசகரைப் பார்த்தார். மழைக்காலத்தில் ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் குடித்துவிட்டு வந்து வாசலிலேயே விழுந்தார். மறுபடி வார்டு. அந்தத் தடவை நாங்கள் கூப்பிடாமல் அவரே வந்து பஸ் ஏறினார். மறுபடியும் ஒருமுறை விழுந்தார். ஆனால் விழுவதற்கும் விழுவதற்கும் நடுவே இருந்த நாட்கள் நீண்டுகொண்டே போயின. கை நடுக்கம் குறைந்தது. பேனல் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அது அவருக்குப் பெரிய குறை.

உள்ளே இருந்த பரபரப்பு மட்டும் போகவில்லை. குடிக்கு ஓடிக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஓட இடம் இல்லாமல் போயிற்று. எங்கள் பிளாக்கில் ஓடாத ஃபேன், எரியாத டியூப்லைட் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். நன்றாக ஓடுவதையும் கழற்றினார். வேலை முடிந்தால் நடந்தார். டவுன்ஷிப்பின் நேர்நேரான ரோடுகளில் தூங்குமூஞ்சி மரங்களுக்கடியில் வெயில் தெரியாமல் நடந்தார். டவுன்ஷிப் நுழைவாயிலில் இருக்கும் ஆர்ச் கேட்டைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்புவார் என்ற கவலையில் அம்மாவும் கூட நடக்க ஆரம்பித்தாள். அவளுக்கு மூட்டுவலி. ஆனாலும் நடந்தாள்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, போய்விட்டேன். அங்கேயும் வீட்டிலிருந்து போன் வந்தால் அப்பா சொல்லும் முதல் வார்த்தையை மட்டும் காதுக்குள் வைத்துப் பார்ப்பேன். குழறுகிறதா, தெளிவாக இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்குள் இறங்கும். இந்தப் பழக்கத்தை விட எனக்கு என்ன மாத்திரை இருக்கிறதோ தெரியவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேட்டேன். "இப்ப அந்த ஆபரேஷன் இங்கயும் பண்றாங்கன்னா போவீங்களாப்பா?"

அவர் குடித்து நீண்ட நாளாகிவிட்டிருந்தது. வேண்டாம், இனி எதற்கு என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இப்பவே கெளம்பிடுவேன்" என்றார். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அத்த நெனைக்காம உக்காந்து பாக்கணும் பாப்பா. எப்பிடி இருக்கும்னு பாக்கணும்."

சொல்லிவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார். "எங்க கெளம்பிட்டீங்க?" என்று அம்மா கேட்டாள். "சும்மா, பஜார் வரைக்கும்" என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, "இருங்க, நானும் வர்றேன்" என்று செருப்பைத் தேடினாள்.